குண்டான நாயை இளைக்க வைப்பது எப்படி? சாப்பாடு, நடை, எடைக் கணக்கு: முழுமையான வழிகாட்டி

எங்கள் லேப்ரடார் பொன்னிக்கு ஆறு வயது நடந்தபோது ஒருநாள் காரில் ஏற மறுத்தாள். முன்னங்கால் இரண்டையும் சீட்டில் வைத்துவிட்டாள். பின்கால் எழும்பவில்லை. அப்படியே நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கோ அடிபட்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன். டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, அவளை எடை மெஷினில் ஏற்றினார். 39 கிலோ. "இவளுக்கு 30 கிலோ போதும்மா. மிச்சம் ஒன்பது கிலோவையும் அந்த மூட்டுதானே சுமக்கணும்?" என்றார்.

அந்த ஒன்பது கிலோவை இறக்க எங்களுக்கு ஒன்பது மாதம் ஆனது. அப்போது கற்றுக்கொண்டதை எல்லாம், உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கும்படி வரிசையாக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இளைக்க வேண்டியது நாய், மாற வேண்டியது வீட்டில் உள்ள மனிதர்கள்.

லேப்ரடார் குண்டாக இருப்பதுதான் அழகு, "நல்லா வளர்த்திருக்கீங்க" என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அந்தப் பாராட்டை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் நாய் உணவு தயாரிக்கும் பியூரினா நிறுவனம் 48 லேப்ரடார்களை, ஒரே ஈற்றில் பிறந்த ஜோடி ஜோடியாகப் பிரித்து, குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்தது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான சாப்பாடு. 2002-ல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்டதும் இளைத்த நாய்களுக்குத் தாமதமாகத்தான். இதில் என்னை உலுக்கியது வேறு விஷயம். அதிகம் சாப்பிட்ட நாய்கள் ஒன்றும் உருண்டையாக இல்லை, லேசான பூசினாற்போன்ற உடம்புதான். நாம் "கொஞ்சம் சதை போட்டிருக்கு" என்று விட்டுவிடுவோமே, அந்த அளவு.

முதல் படி: கையால் தொட்டுப் பாருங்கள்

முடி அடர்ந்த நாயைக் கண்ணால் பார்த்துக் கணிக்க முடியாது. உங்கள் இடது கையை மேஜைமேல் உள்ளங்கை கீழே இருக்கும்படி விரித்து வையுங்கள். வலது கை விரல்களால் புறங்கையின் மேல் தடவுங்கள். எலும்புகள் லேசாகத் தட்டுப்படும். நாயின் விலாவைத் தடவும்போது அப்படி இருந்தால் எடை சரி. கையைத் திருப்பி, கட்டை விரலுக்குக் கீழே உள்ளங்கைச் சதையை அழுத்திப் பாருங்கள். விலா அப்படி மெத்தென்று இருந்து, எலும்பைத் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். முஷ்டி மடக்கினால் முட்டி எப்படித் துருத்துமோ அப்படி இருந்தால் மெலிவு.

அப்புறம் மேலிருந்து பாருங்கள். விலா முடிந்த இடத்தில் இடுப்பு உள்ளே ஒடுங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்னங்காலை நோக்கி மேலேறிப் போக வேண்டும். கால்நடை மருத்துவர்கள் இதை 1 முதல் 9 வரை மதிப்பெண்ணாகச் சொல்வார்கள். 4, 5 சரியானது. 5-க்கு மேல் ஒவ்வொரு எண்ணும் சுமார் 10 சதவீதக் கூடுதல் எடை. பொன்னி 8-ல் இருந்தாள், அதாவது 30 சதவீதம் கூடுதல். 39-ஐ 1.3-ஆல் வகுத்தால் 30. டாக்டர் சொன்ன 30 கிலோ இப்படி வந்ததுதான்.

இந்த இடத்தில் நம் ஊர் நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்குக் கடைசி விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரிவது இயல்பு. ஓடுவதற்காக வந்த உடம்பு அது. "ஐயோ, எலும்பு தெரியுதே" என்று அதற்குச் சோற்றை ஏற்றி விடாதீர்கள்.

இரண்டாம் படி: மருத்துவரிடம் ஒருமுறை

சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சில நாய்கள் அதிகம் சாப்பிடாமலே குண்டாகும். தைராய்டு குறைவாகச் சுரந்தால் நாய் சோம்பிக் கிடக்கும், முடி கொட்டும், எடை ஏறும். கார்டிசால் ஹார்மோன் அதிகமாகிவிடும் குஷிங்ஸ் நோயில் வயிறு பானைபோலத் தொங்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும். தோல் அரிப்புக்காக மாதக்கணக்கில் பிரெட்னிசலோன் சாப்பிடும் நாய்க்கும், வலிப்புக்கு ஃபினோபார்பிட்டோன் சாப்பிடும் நாய்க்கும் பசி தாறுமாறாக ஏறும். அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ அவர் மாற்றுவார்.

கருத்தடை செய்த நாய்க்குச் சக்தித் தேவை கணிசமாகக் குறைந்துவிடும், பசி மட்டும் கூடும். அறுவை சிகிச்சை முடிந்த கையோடு சாப்பாட்டையும் குறைக்க வேண்டும் என்று பலருக்குத் தெரிவதில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. பொன்னி குண்டாக ஆரம்பித்தது அந்த வருடம்தான்.

குட்டி நாய், சினை நாய், பால் கொடுக்கும் நாய் இவற்றுக்கு இந்தக் கட்டுரையில் உள்ள கணக்கு எதுவும் பொருந்தாது. பூனைக்கும் பொருந்தாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரல் கெட்டுவிடும் அபாயம் உண்டு.

மூன்றாம் படி: ஒரு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்றாமல், நாய் வாயில் போவதை எல்லாம் ஒரு வாரம் எழுதிவையுங்கள். ஃபிரிட்ஜில் ஒரு தாளை ஒட்டி, பக்கத்தில் பேனாவைக் கட்டித் தொங்க விட்டோம். யாரையும் திட்டுவதில்லை, எழுதினால் போதும் என்று பேசிக்கொண்டோம். அது முக்கியம். திட்டு விழும் என்று தெரிந்தால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

ஒரு நாள் கணக்கு இப்படி இருந்தது. காலையில் அப்பா காபி குடிக்கும்போது பொன்னிக்கும் ஒரு டம்ளர் பால், 130 கலோரி. நாலு மேரி பிஸ்கட், 100. அம்மா இட்லி ஊற்றும்போது இரண்டு இட்லி, 110. ட்ரை ஃபுட் (பாக்கெட்டில் வரும் உலர்ந்த உருண்டைத் தீனி) இரண்டு வேளைக்கும் சேர்த்து 1,000. ராத்திரி தயிர் சாதம், 250. என் மகள் தட்டிலிருந்து பாதி சப்பாத்தி, 50. கீழே வாட்ச்மேன் அண்ணன் கொடுக்கும் பிஸ்கட், 100. மொத்தம் 1,740.

ட்ரை ஃபுட்டைக் கழித்துவிட்டுப் பாருங்கள். 740 கலோரி அவளுடைய கிண்ணத்துக்கு வெளியே இருந்து வந்திருக்கிறது. ஒவ்வொருவரும் "நான் கொஞ்சம்தானே கொடுக்கிறேன்" என்று நினைத்தோம். ஒவ்வொருவரும் சொன்னது உண்மைதான். ஐந்து கொஞ்சம் சேர்ந்து ஒரு முழு நாளைய சாப்பாட்டை நெருங்கிவிட்டது.

நான்காம் படி: எவ்வளவு கலோரி?

இப்போதைய எடைக்கு அல்ல, இருக்க வேண்டிய எடைக்குத்தான் கணக்குப் போட வேண்டும். செல்போன் கால்குலேட்டர் போதும். சரியான எடையை மூன்று முறை பெருக்குங்கள் (30 × 30 × 30 = 27,000). வர்க்கமூலம் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள் (12.8 வரும்). அதை 70-ஆல் பெருக்குங்கள். 30 கிலோவுக்குச் சுமார் 900 கலோரி. இளைக்க வேண்டிய நாய்க்கு ஒரு நாளைக்கு ஆரம்ப அளவு இதுதான்.

கணக்குப் போட விருப்பம் இல்லாதவர்களுக்கு: சரியான எடை 5 கிலோ என்றால் 235, 10 கிலோவுக்கு 395, 15-க்கு 535, 20-க்கு 660, 25-க்கு 780, 35-க்கு 1,005. பாக்கெட்டில் கிலோகலோரி என்று போட்டிருப்பதும் நான் கலோரி என்று சொல்வதும் ஒன்றுதான்.

சின்ன நாய் வைத்திருப்பவர்கள் இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். 6 கிலோ இருக்க வேண்டிய பொமரேனியனுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 270 கலோரிதான். ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25. நொறுக்குத் தீனி எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. அப்படியானால் அந்த நாய்க்கு ஒரு பிஸ்கட்டோடு அன்றைய தீனி முடிந்தது.

1,740-லிருந்து 900-க்கு ஒரே நாளில் இறங்காதீர்கள். ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாக இறக்குங்கள். இல்லையென்றால் வயிறு கெடும், நாயும் தவித்துப் போகும்.

ஐந்தாம் படி: ஒரே டப்பா

எங்கள் வீட்டில் வேலை செய்தது இந்த ஒரு ஏற்பாடுதான் என்று சொன்னால் மிகையில்லை. காலையில் அன்றைய முழுச் சாப்பாட்டையும் எடைபோட்டு ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைப்பேன். பொன்னிக்கு யார் என்ன கொடுப்பதானாலும் அந்த டப்பாவிலிருந்துதான். அம்மாவுக்குக் கொடுக்க ஆசையா, கொடுக்கலாம், டப்பாவிலிருந்து நாலு உருண்டை. கீழே போகும்போது ஒரு சின்னப் பொட்டலம் வாட்ச்மேன் அண்ணன் கையில். டப்பா காலியானால் அன்றைக்கு முடிந்தது.

"பாவம்டி, வாயில்லா ஜீவன்" என்று அம்மா முதல் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கொடுக்காதே என்று சொல்லியிருந்தால் ஒளித்துக் கொடுத்திருப்பார். எதிலிருந்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னதால் ஒத்துக்கொண்டார். நாய்க்கு வேண்டியது அந்தக் கையும் அந்தக் குரலும்தான். உருண்டை இட்லியா, ட்ரை ஃபுட்டா என்று அது பார்ப்பதில்லை.

டம்ளர், கப் எதாலும் அளக்காதீர்கள். ஒரே டம்ளரில் ஒருநாள் 70 கிராம் வரும், இன்னொரு நாள் 90 வரும். சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள்.

டப்பாவில் என்ன போடுவது? சாதாரண ட்ரை ஃபுட்டையே பாதியாகக் குறைத்தால் கலோரி குறையும், கூடவே புரதமும் வைட்டமினும் தாது உப்பும் குறைந்துவிடும். அதனால் எடைக் குறைப்புக்கென்றே புரதமும் நார்ச்சத்தும் கூட்டிச் செய்த உணவை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது. பொன்னிக்கு 100 கிராமில் சுமார் 300 கலோரி உள்ள அப்படிப்பட்ட உணவு, நாளைக்கு 270 கிராம். மீதி 90 கலோரி காய்கறிக்கும் பயிற்சித் தீனிக்கும். பாக்கெட்டின் பின்னால் இருக்கும் அட்டவணை தாராளமாகப் போட்டது. இளைக்க வேண்டிய நாய்க்கு அதைப் பார்க்க வேண்டாம்.

வீட்டில் சமைத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு மாதிரிக் கணக்கு, 30 கிலோ இலக்குக்கு: தோல் நீக்கி வேகவைத்த கோழிக்கறி 250 கிராம், சாதம் 200 கிராம், பூசணி, பீன்ஸ், கேரட் சேர்த்து 300 கிராம், ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் எண்ணெய். ஏறக்குறைய 900 வரும். இதில் சுண்ணாம்புச் சத்தும் சில தாதுக்களும் போதாது. என்ன கலவை, எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். தயிர் சாதம் மட்டுமே போடும் வீடுகளில் நாய் குண்டாகவும் இருக்கும், தசையும் கரைந்துபோயிருக்கும். வயிறு நிறைகிறது, புரதம் சேர்வதில்லை.

வெங்காயம், பூண்டு, திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் எந்த அளவிலும் வேண்டாம். வெந்த எலும்பும் வேண்டாம். சர்க்கரை இல்லாத இனிப்புகளில் சேர்க்கும் சைலிடால் நாய்க்கு விஷம். எலும்புக்குழம்புக் கொழுப்பு, பொரித்த கோழித்தோல் போன்றவை எடையை ஏற்றுவதோடு கணையத்தையும் வீங்க வைத்துவிடும்.

ஆறாம் படி: பசியைச் சமாளிப்பது

கஷ்டமான படி இது. பொன்னி முதல் இரண்டு வாரம் சமையலறை வாசலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு எழவே மாட்டாள். லேப்ரடார்களின் பசி வெறும் பழக்கம் அல்ல. 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாலில் ஒரு லேப்ரடாருக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குச் சரியாகப் போகாது. அப்படிப்பட்ட நாய்கள் சும்மா இருக்கும்போதும் சுமார் கால் பங்கு குறைவாகத்தான் சக்தியைச் செலவழிக்கின்றன என்று 2024-ல் தெரியவந்தது. அதிகப் பசி, குறைந்த செலவு. அதைப் படித்த பிறகு அவளைப் பேராசைக்காரி என்று நாங்கள் சொல்வதில்லை.

பசியைத் தணிக்க மூன்று வழிகள் உதவின. ஒன்று, அதே அளவை நாலு வேளையாகப் பிரித்தது. இரண்டு, காய்கறி. உப்பு போடாமல் வேகவைத்த பீன்ஸ், பூசணி, நறுக்கிய வெள்ளரி. 100 கிராம் வெள்ளரியில் 15 கலோரிதான், கடிக்கக் கடிக்கச் சத்தம் வருவதால் பொன்னிக்கு அதுவே ஒரு விருந்து. மூன்றாவது, குழிப்பணியாரச் சட்டி.

கிண்ணத்தில் போட்டால் ஒரு நிமிடத்தில் காலியாக்குவாள். பரணில் கிடந்த கனமான பழைய இரும்புப் பணியாரச் சட்டியைக் கழுவி, ஒவ்வொரு குழியிலும் பத்துப் பதினைந்து உருண்டையைப் போட்டுத் தரையில் வைத்தேன். நாக்கால் ஒவ்வொரு குழியாகத் துழாவி, மூக்கால் சட்டியைச் சுற்றித் தள்ளி, முடிக்க ஏழெட்டு நிமிடம் ஆனது. முடித்த பிறகு நேராகப் போய்ப் படுத்துத் தூங்கினாள். கோட்டிங் உரியும் நான்ஸ்டிக் சட்டியை இதற்கு வைக்காதீர்கள்.

நாய் கெஞ்சும்போது எழுந்து போய் ஐந்து நிமிடம் விளையாடுங்கள், அல்லது முதுகைத் தடவிக் கொடுங்கள். பல நேரம் அது கேட்பது அதைத்தான். வீட்டில் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் அதை வேறு அறையில் பணியாரச் சட்டியோடு விடுங்கள்.

ஏழாம் படி: நடை

நடையை மட்டும் நம்பி எடை குறைக்க முடியாது. தோராயமாக, நாய் ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஒரு கிலோ எடைக்கு ஒரு கலோரி செலவாகும். 39 கிலோ நாய்க்கு 40 கலோரி, ஒன்றரை மேரி பிஸ்கட். ஆனாலும் நடக்க வேண்டும். இளைக்கும்போது தசை கரையாமல் காப்பதும், மூட்டு இறுகாமல் வைப்பதும், நாயின் மனசைக் கலகலப்பாக வைப்பதும் நடைதான்.

முதல் இரண்டு வாரம், சமதளத்தில் காலையும் மாலையும் 10 முதல் 15 நிமிடம். பிறகு வாரத்துக்கு ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். பெரும்பாலான நாய்களை இரண்டு வேளையும் 30, 40 நிமிடம் வரை கொண்டுவந்துவிடலாம். மறுநாள் எழும்போது நொண்டினால் முந்தைய வார அளவுக்குத் திரும்புங்கள். பந்து எறிந்து துள்ள வைப்பது, மாடிப்படி ஏற்றி இறக்குவது இரண்டும் எடை குறையும்வரை வேண்டாம். பாரமான உடம்பு சட்டென்று திரும்பும்போது முழங்கால் தசைநார் அறுந்துவிடும்.

சென்னை மாதிரி ஊரில் வெயில்தான் பெரிய எதிரி. நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். கொழுப்பு அந்தச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் காலை ஆறு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். மாலையில் தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. பக் மாதிரி தட்டை மூக்கு நாய்களுக்கு இன்னும் கவனம் தேவை.

நடக்கும்போது நாக்கு கருஞ்சிவப்பாகிவிட்டாலோ, நடை தள்ளாடினாலோ, எச்சில் கெட்டியாக ஒழுகினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, விசிறிவிட்டு, நேராக மருத்துவரிடம் போங்கள். கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடை நின்றுபோகும். தீபாவளி வெடிச் சத்தத்தில் பொன்னி நாலு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் பழைய துண்டுகளை நாலைந்து சுருட்டி, டப்பா உருண்டைகளை உள்ளே மறைத்து, வீடெங்கும் வைத்து மோப்பம் பிடிக்க விடுங்கள். இருபது நிமிடம் மூக்கால் தேடிய நாய் நன்றாகக் களைத்துவிடும்.

எட்டாம் படி: இரண்டு வாரத்துக்கு ஒரு எடை

ஒரே மெஷின், ஒரே நேரம், வெறும் வயிறு. சின்ன நாய் என்றால் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் நின்று, உங்கள் எடையைக் கழித்துவிடலாம். பொன்னியைத் தூக்க முடியாது. மருத்துவமனைக்கு ஒவ்வொரு முறையும் போகவும் முடியவில்லை. எங்கள் தெருமுனை அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது. கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டேன். காலையில் கடை திறந்ததும் கூட்டிவரச் சொன்னார். இரண்டாம் முறையிலிருந்து பொன்னி தானாக ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவருக்கும் அது ஒரு அக்கறை ஆகிவிட்டது, போன தடவை எவ்வளவு என்று அவரே சொல்வார்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைவது நல்ல வேகம். 39 கிலோவில் 1 சதவீதம் 390 கிராம். அரை சதவீதம் குறைந்தாலும் சரி. 2 சதவீதத்துக்கு மேல் போனால் சாப்பாடு குறைவாக இருக்கிறது, 10 சதவீதம் கூட்டுங்கள். இரண்டு முறை தொடர்ந்து முள் நகராவிட்டால் முதலில் வெளித்தீனியைத் தேடுங்கள், அப்புறம் 5 முதல் 10 சதவீதம் குறையுங்கள். எங்களுக்கு 34 கிலோவில் ஐந்து வாரம் நின்றுவிட்டது. தேடிப் பார்த்தால், மாடிப்படித் திருப்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் காக்கைக்கு வைக்கும் சோறு. காக்கைக்கு முன்னால் பொன்னி போய்விடுகிறாள். சோற்றை மொட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இலக்கு எடை வரும்வரை காத்திருந்துதான் பலன் கிடைக்கும் என்றில்லை. மூட்டு வலியுள்ள குண்டு நாய்களுக்கு 6 சதவீத எடை குறைந்தாலே நொண்டல் குறைவது ஆய்வில் தெரியவந்திருக்கிறது. பொன்னி 36 கிலோவைத் தொட்ட வாரத்தில் காரில் தானாக ஏறினாள்.

இலக்கு எட்டிய பிறகு

பழைய தட்டுக்குத் திரும்பினால் பழைய எடையும் திரும்பிவிடும். சாப்பாட்டை 10 சதவீதம் கூட்டி இரண்டு வாரம் பாருங்கள். இன்னும் குறைந்தால் மேலும் 10 சதவீதம். எடை அசையாமல் நிற்கும் அளவு எதுவோ அதுதான் இனி உங்கள் நாயின் அளவு. பொன்னிக்கு அது 1,080 கலோரியில் நின்றது. எடை பார்ப்பதை மாதம் ஒருமுறையாக்கிக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது.

பொன்னிக்கு இப்போது எட்டு வயது. ஒன்றாம் தேதி தோறும் அரிசி மண்டிக்குப் போகிறோம். போன மாதம் 30.2, இந்த மாதம் 30.9. பொங்கல் நாட்களில் யாரோ டப்பாவை மறந்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜ் தாளில் எழுதிவிட்டு, நாளையிலிருந்து 20 கிராம் குறைத்து நிறுத்துப் போடுகிறேன்.